கரண்ட் வைத்த கன்னம்

செங்கல்பட்டில் ஒரு கண் மருத்துவமனையில் விழித்திரையைப் படம் எடுப்பது என் வேலை. சொட்டு மருந்து விட்டு, தாடையை மிஷினில் வைக்கச் சொல்லி, "ஆடாதீங்க, சிமிட்டாதீங்க" என்று நாள் முழுக்க அதட்டிக்கொண்டிருப்பேன். பாதிப் பேர் என்னைக் கணக்கு டீச்சரைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்கள்.

ஒருநாள் கடப்பாக்கத்திலிருந்து ஆரோக்கியம் வந்தார். ஸ்கூல் வேன் டிரைவர். வலது கண்ணால் பார்த்தால் எதிரே நிற்பவர் முகமே தெரியவில்லை என்றார். கூடவே மனைவி மேரி. மூன்றாவதாக ராஜாத்தியம்மா, ஆரோக்கியத்தின் மகளுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளையின் அம்மா. தனக்கும் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அவரும் ஏறி வந்துவிட்டாராம்.

படம் எடுத்தேன். வலது விழித்திரையில் சின்னச் சின்ன ரத்தக் கசிவுகள், பஞ்சுத் துணுக்கு போல வெள்ளைத் திட்டுகள். விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேனில் நடுவே நீர் கோத்திருந்தது. சர்க்கரைக்காரர் கண் போலவே இருந்தது. ஆனால் சர்க்கரை நார்மல், பிரஷர் நார்மல், இடது கண் சுத்தம்.

"ரேடியேஷன் எடுத்திருக்காரான்னு கேளுங்க. காரணம் தெரிஞ்சாதான் வைத்தியத்த முடிவு பண்ண முடியும்" என்றார் டாக்டர்.

எங்கள் பக்கம் கேன்சருக்குக் கொடுக்கும் ரேடியேஷனுக்குக் கரண்ட் என்றுதான் பெயர். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மேரியிடம், "முன்னாடி கரண்ட் ஏதாச்சும் வெச்சாங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல சிஸ்டர். சளிக்கு மூக்குல ஒரு ஆபரேசன், அவ்ளோதான்." பேச்சு என்னிடம், பார்வை ராஜாத்தியம்மா மேல். எனக்குப் புரிந்துவிட்டது.

"கேன்டீன்ல டீ நல்லாருக்கும், குடிச்சிட்டு வாங்களேன்" என்று ராஜாத்தியம்மாவை நகர்த்தப் பார்த்தேன்.

"டீ எனுக்கு ஆவாதும்மா."

"காபி?"

"அதுவும் ஆவாது." மனுஷி அசையவில்லை.

ஆரோக்கியத்தை மட்டும் உள்ளே கூப்பிட்டேன். "உண்மையச் சொல்லுங்க. வைத்தியம் தள்ளிப்போனா இருக்கிற பார்வையும் போயிடும்."

"போனா போவட்டும் சிஸ்டர். இன்னோரு கண்ணு கீதுல்ல? பொண்ணு கல்யாணம் நின்னுடக் கூடாது."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. எங்கள் அறைக்குக் கதவு கிடையாது, வெறும் திரைதான். வெளியே மேரி எழுந்துவிட்டார்.

"அண்ணி, இவுருக்கு மூக்காண்ட கேன்சரு இருந்துச்சு. கரண்ட் வெச்சாங்க. இப்ப நல்லாகீறாரு. உங்களாண்ட மறைச்சிட்டோம். கல்யாணத்த நிறுத்துனாலும் சரி, இவுரு கண்ணு போவக் கூடாது."

ராஜாத்தியம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "இன்னா அண்ணி, பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எனுக்குத் தெரியும். அண்ணனுக்கு வலது கன்னத்துல மட்டும் தாடி மொளைக்கல. எங்கூட பொறந்தவனுக்கும் கரண்ட் வெச்சப்போ அப்டித்தான் ஆச்சு. தெரிஞ்சிதான பூ வெச்சேன்? கண்ணு மங்குதுன்னதும் மனசு கேக்கல, வந்துட்டேன். கண்ணாடி சும்மா சாக்கு."

மேரி அழுதார். திரைக்கு இந்தப் பக்கம் ஆரோக்கியமும் நானும் அழுதோம். டாக்டர் மறுபடி பார்ப்பதற்காக ஆரோக்கியத்துக்குச் சொட்டு மருந்தைத் திரும்பவும் விட வேண்டியதாயிற்று.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்த கரண்ட், கேன்சரோடு சேர்த்து விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்களையும் கெடுத்துவிடலாம். அது மாதங்கள், சில நேரம் வருஷங்கள் கழித்துத்தான் வெளியே தெரியும். அதனால் பழைய கதையைக் கேளுங்கள். சொல்லாவிட்டால், ஏன் சொல்லவில்லை என்று யோசியுங்கள். பொய் சொல்கிறவர்கள் எல்லாம் கெட்டவர்கள் இல்லை.

கண்ணுக்குள் ஊசி போட்டதில் ஆரோக்கியத்துக்கு நீர் வற்றியது. முகங்கள் தெரிந்தன. அந்தக் கண்ணுக்குப் பொடி எழுத்து மட்டும் கடைசிவரை தெரியவில்லை. வேனை விட்டுவிட்டு அதே ஸ்கூல் கேட்டில் காவலுக்கு நிற்கிறார். கல்யாணம் முடிந்த பிறகும் ஊசிக்கு வந்தார். ஒரு தடவை புது நர்ஸ், பக்கத்தில் இருந்த ராஜாத்தியம்மாவைக் காட்டி, "இவங்க யாரு உங்களுக்கு?" என்று கேட்டாள்.

சம்பந்தி என்று சொல்வார் என்று நினைத்தேன்.

"எந் தங்கச்சி" என்றார்.