எதிரணி கைக்குப் போன ஐந்து பந்துகள்

டுவேன் நோவாட்னியைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். அதைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். இப்போது கேஸ் லாரி ஓட்டுகிறான். முட்டளவு பனி கிடந்தாலும், நெப்ராஸ்காவின் இந்தக் கோடியில் ஒரு வீட்டுக் கணப்பையும் அணைய விட மாட்டான். பள்ளியில் அவன் எங்கள் அமெரிக்க ஃபுட்பால் அணியின் குவார்ட்டர்பேக். பந்தை எறிவதா, ஓடுகிறவனிடம் கொடுப்பதா என்று ஆட்டத்தையே நடத்துகிறவன். நான் மாற்று ஆள். அவன் கால் உடைந்தால்தான் எனக்கு வாழ்வு. மூன்று வருடம் உடையவே இல்லை.

ஓரத்தில் நின்று, கோச் சொல்வதைக் கைச்சைகையில் அவனுக்குக் காட்டுவதுதான் என் வேலை. அவனையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒன்று கண்ணில் பட்டது. எறியப் போகிறான் என்றால், பந்து வழுக்காமலிருக்க விரல்களை நக்குவான். இன்னொருவனிடம் கொடுக்கப் போகிறான் என்றால் நக்க மாட்டான். மூன்று வாரமாக எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

பருவத்தின் கடைசி ஆட்டம். எங்கள் மைதானத்தில் விளக்கு கிடையாது, மத்தியானமே ஆரம்பித்துவிடும். எதிரணிக்காரர்களும் விரல் விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். இடைவேளைக்குள் டுவேன் எறிந்ததில் நான்கு பந்துகள் அவர்கள் கைக்கே போயின.

"பேசாம அவனுங்க சட்டையவே வாங்கிப் போட்டுக்கடா!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

இடைவேளையில் டுவேன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். உதடு கிழிந்திருந்தது.

"மெர்ல், நான் எறியப் போறது அவனுங்களுக்கு எப்படிடா முன்னாடியே தெரியுது? வெளிய நிக்கிறியே, எதாச்சும் கண்ணுல பட்டுச்சா?"

"ஒண்ணும் படலையேடா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். நான் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ கயிற்றைக் கட்டினேன்.

இடைவேளை முடிந்ததும் ஐந்தாவது பந்தும் போனது. கோச் ஹ்ரூபி என் பக்கம் திரும்பினார். "மெர்ல், ஹெல்மெட்ட மாட்டு."

மூன்று வருடம் காத்திருந்த வார்த்தை.

"கோச், இன்னும் ஒரே ஒரு தடவ," என்று டுவேன் கெஞ்சினான். அவர் முறைத்துவிட்டு, போ என்று கையைக் காட்டினார்.

டுவேன் போய் நின்றான். கை வாய்க்குப் போனதுமே எதிரணியில் ஒருவன், "எறியப் போறான்!" என்று கூவினான். டுவேன் அப்படியே நின்று தன் விரல்களைப் பார்த்தான். பிறகு ஐந்து விரலையும் நிதானமாக நக்கினான். எறியவில்லை. பந்தோடு தானே ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தான். அதன் பிறகு நக்கினால் ஓடினான், நக்காமல் எறிந்தான். இருபத்தெட்டுக்குப் பூஜ்யம் என்று கிடந்ததை இருபத்தெட்டுக்கு இருபத்தாறு வரை கொண்டுவந்தான். தோற்றோம். ஊரே எழுந்து நின்று கைதட்டியது.

உடை மாற்றும் அறையில் டுவேன் விரல் விஷயத்தைச் சொன்னான். கோச் என்னிடம் வந்தார். "ஏன்டா, எந்நேரமும் அவனையே பாத்துட்டு நிக்கிற. இது உன் கண்ணுல படவே இல்லியா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பிரேக்லயே சொன்னான் கோச்," என்றான் டுவேன், தோள் கவசத்தைக் கழற்றிக்கொண்டே. "நான்தான் மறந்து தொலைச்சுட்டேன்."

நாற்பது வருடமாகிறது. அவனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் நன்றி சொல்லவில்லை. அன்று என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால், அவனை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.