உப்பளத்தில் ஒரு காஷ்மீர்

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்கேயாவது வெளியே கூட்டிப் போயே தீர வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் கொள்கை. டிக்கெட் என்று ஒன்றை வாங்கவே கூடாது என்பது அவருடைய இன்னொரு கொள்கை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எழுபதுகளில் தூத்துக்குடியில் நான் குடித்தனம் நடத்தினேன்.

அவர் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிளார்க். எங்களுக்கு ஒரு பெண், ஒரு பையன். அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன், காலேஜில் படித்துக்கொண்டு எங்களோடு இருந்தான். செலவில்லாத இடங்கள் எல்லாவற்றையும் நாங்கள் ஏற்கெனவே தீர்த்துவிட்டிருந்தோம். கடற்கரைக்குப் போவோம். எங்கள் ஊர்க் கடலில் அலை கிடையாது. பிள்ளைகள் காலை நனைக்க அலை வருமென்று நின்று நின்று பார்த்துவிட்டு, கடைசியில் அவர்களே கடலுக்குள் போய் நனைத்துக்கொண்டு வருவார்கள். மெட்ராஸ் ரயிலைப் பார்க்கப் போவோம். பிளாட்பாரம் டிக்கெட்டும் டிக்கெட்டுதான் என்பதால் வேலிக்கு வெளியே நின்று, யாரென்றே தெரியாதவர்களுக்குக் கை காட்டுவோம். பார்க்கில் ரேடியோ வைத்திருந்தார்கள். நாங்கள் போகும் நேரத்துக்கு விவசாய நிகழ்ச்சிதான் ஓடும். நெல்லுக்கு எப்போது பூச்சிமருந்து அடிக்க வேண்டும் என்று ஆறு வயதிலேயே என் மகனுக்குத் தெரியும்.

ஒரு வருஷம் மே மாதம் மாடியில் இருந்த வீட்டுச் சொந்தக்காரர்கள் கொடைக்கானலுக்குப் போய்வந்தார்கள். போய்வந்தால் பேசாமல் இருக்கலாம். அவர்களுடைய பையன் அங்கே வாங்கிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு எங்கள் தெருவில் திரிந்தான். வேர்க்குரு வந்து முதுகைச் சுவரில் தேய்த்தானே தவிர, ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. என் மகளுக்கு அது பொறுக்கவில்லை.

“எப்பா, நம்ம எப்பப்பா மலைக்குப் போவோம்?”

இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். “மலைதானே? வார ஞாயித்துக்கிழமை காஷ்மீர் போறோம்.”

“டிக்கெட்டு?” என்று நான் அடுக்களையிலிருந்து கேட்டேன்.

“வேண்டாம்.”

அது எந்தக் காஷ்மீராக இருக்கும் என்ற கவலை அப்போதே எனக்கு வந்துவிட்டது. “இந்த வெயில்ல பனிக்கு எங்கன போவிய?” என்றேன்.

“ஏளா, பனிமாதாவே வந்து கோயில் கட்டிக் குடியிருக்கிற ஊரு. இங்க பனி இல்லாமலா போவும்?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக இரண்டு சைக்கிள்களில் கிளம்பினோம். இவர் சைக்கிளில் முன்கம்பியில் பையன், பின்னால் நான். மற்றதில் கொழுந்தனும் மகளும் இட்லித் தூக்கும். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். பாத்திகளில் வானம் கிடந்தது. அதன் கரையில் வரிசையாக உப்பு அம்பாரங்கள், ஒவ்வொன்றும் எங்கள் வீட்டைவிட உயரம். காலை வெயிலில் கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை.

“இந்தா, இதுதான் காஷ்மீர்” என்றார்.

மகள் அண்ணாந்து பார்த்தாள். அப்பா ஏமாற்றிவிட்டார் என்று அழப்போகிறாள் என நினைத்தேன். அவளோ, “எம்மா, நெசமாவே பனி மாதிரி இருக்கு!” என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள். பையன் அதற்குள் பாதி அம்பாரம் ஏறிவிட்டான். கொழுந்தன் எங்கிருந்தோ ஒரு சாக்கைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். வெள்ளைக்காரர்கள் பனியில் சறுக்குவதை ஏதோ படத்தில் பார்த்திருக்கிறானாம்.

முதலில் சறுக்கிக் காட்டியவர் வீட்டுத் தலைவர். உப்பு பனியைப் போல வழுக்காது என்பது அவருக்குப் பாதி வழியில்தான் தெரிந்தது. சாக்கு அங்கேயே நின்றுவிட்டது. அவர் மட்டும் வந்தார். வேட்டி சாக்கோடு தங்கிவிட்டது. நல்லவேளையாக உள்ளே கோடுபோட்ட நிக்கர் போட்டிருந்தார். அதைப் பார்த்துச் சிரித்தபடியே பையனும் குதித்தான். முழங்கால் இரண்டும் உராய்ந்தன. உராய்ந்த காலில் உப்பு பட்டது. அவன் போட்ட சத்தம் திருச்செந்தூர் முருகனுக்குக் கேட்டிருக்கும். அவர் வரவில்லை. மேஸ்திரிதான் வந்தார்.

“எவம்லே அம்பாரத்துல ஏறுனது?”

நிக்கரோடு நின்றவர் நிமிர்ந்து, “ஐ ஆம் ஃப்ரம் ஷிப்பிங்” என்றார். பதற்றம் வந்தால் அவருக்கு இங்கிலீஷ் வந்துவிடும்.

மேஸ்திரி அவரை மேலும் கீழும் பார்த்தார். “சிப்பிங்குன்னா கப்பல்ல போயி ஏறும். அம்பாரத்துல ஏன் ஏறுதிய?”

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. புருஷனை ஒருவர் திட்டும்போது பெண்டாட்டி சிரிக்கக் கூடாது என்று நான் படித்த நாசரேத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் சிரித்ததும், உப்பு அள்ளிய ஓலைப்பெட்டியைத் தலையில் வைத்திருந்த பெண்களும் சிரித்துவிட்டார்கள். கொழுந்தன் மேலே ஏறி அண்ணனின் வேட்டியை மீட்டுக்கொண்டு வந்தான்.

அந்தப் பெண்களில் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், பெட்டியை இறக்கிவைத்துவிட்டுப் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஓலைக் கொட்டகைக்குள் கூட்டிப் போய், குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு அவன் காலைக் கழுவினாள். குடிக்க வைத்திருந்த தண்ணீர் அது. எனக்குச் சங்கடமாக இருந்தது.

“குடிதண்ணிய இப்படி ஊத்துதியே?”

“உப்பு போவணும்லாக்கா? இல்லைன்னா ராத்திரி பூரா காந்தும்.” பிறகு என்னைப் பார்த்து, “எந்தூரு ஆளுவக்கா நீங்க?” என்றாள்.

“இந்தா, தூத்துக்குடிதான்.”

“சோலியா வந்தியளோ?”

“இல்ல, பிள்ளையளுக்குச் சுத்திக் காட்ட வந்தோம்.”

“சுத்திக் காட்டவா?” அவள் வெளியே திரும்பிக் கத்தினாள். “ஏளா, இவங்க உப்பளத்தச் சுத்திப் பாக்க வந்திருக்காவளாம்!” வெளியே மறுபடியும் சிரிப்பு. “லீவு கெடச்சா நாங்க இந்தப் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டோம். நீங்க இட்லி அவிச்சுக் கொண்டாந்திருக்கிய!”

“லீவு கெடச்சா எங்கன போவ?”

“எங்கனயும் போவ மாட்டேன். தூங்குவேன்.” இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. அவள் பாதத்தைப் பார்த்தேன். உப்புத் தண்ணீர் தின்று குதிகாலெல்லாம் வெடித்திருந்தது. சறுக்கி விளையாட வந்தது எனக்கு அப்போதுதான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மேஸ்திரியும் கோபம் ஆறி, “வெயில் ஏறுததுக்கு முன்ன சாப்ட்டுட்டுக் கெளம்புங்க” என்றார். கொட்டகையிலேயே உட்கார்ந்தோம். அவர்களுக்கும் கஞ்சி குடிக்கிற நேரம். தூக்கைத் திறந்து இட்லியை எல்லோருக்கும் வைத்தேன். என் மகன் அழுகையை மறந்து, தன் இட்லியைக் கொடுத்துவிட்டு, காலைக் கழுவிவிட்டவளுடைய சுட்ட கருவாட்டை வாங்கிக்கொண்டான். மகள், “இந்தப் பெட்டி எவ்வளவு கனம் இருக்கும்?” என்று கேட்டாள். “தூக்கிப் பாரேன்” என்றார்கள். பாதி உப்பைக் கொட்டிய பிறகும் அவளால் அசைக்க முடியவில்லை. கொழுந்தன் மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்து, முழுப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்து நாலடி நடந்தான். ஐந்தாவது அடியில் பாத்திக்குள் உட்கார்ந்தான்.

திரும்பும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. இவர் உட்கார முடியாமல் நின்றபடியேதான் மிதித்தார். பாதி வழியில், “பிள்ளையளுக்குப் பிடிச்சிருந்திச்சா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“பிடிச்சிருந்திச்சு” என்றேன். பொய் இல்லை.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, ஐந்து பேரும் பாயில் விழுந்தோம். சாயங்காலம் வரைக்கும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறுமுகநேரி உப்பளத்துப் பக்கம் போகலாமா என்று அவர் ஆரம்பித்தபோது, “நான் வரல, நீங்க போய்ட்டு வாங்க” என்றேன். மூவரையும் கூட்டிக்கொண்டு போனார். நான் கதவைச் சாத்திக்கொண்டு மத்தியானம் வரை தூங்கினேன்.