ஒன்பதாம் மார்க்கும் பதினான்காம் மார்க்கும்

ஸ்பிட்ஃபயர் என்ற போர் விமானத்தில் மார்க் என்று எண் போட்டு இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் இருந்தன என்பதும், அவற்றில் எது சிறந்தது, எது மோசமானது என்பதில் ஒரு குடும்பமே இரண்டுபட்டு நிற்கலாம் என்பதும் எனக்குப் பதினொரு வயதிலேயே தெரிந்துவிட்டது.

எல்லாம் பள்ளிக்கூடக் கண்காட்சியால் வந்தது. திருகோணமலைத் துறைமுகமும் உலகப் போரும் என்பது தலைப்பு. கெட்டிக்காரப் பிள்ளைகள் பீரங்கி, கப்பல், எண்ணெய்த் தாங்கி எல்லாவற்றையும் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது விமானம். சீனக்குடா விமானத்தளத்தில் அந்தக் காலத்தில் நின்ற விமானங்களில் ஒன்றைப் பற்றி எழுதி, படமும் கீறி வரச் சொன்னார் ரீச்சர். நான் ஸ்பிட்ஃபயரை எடுத்தேன்.

அப்பா பாலையூற்றில் எங்கள் வீட்டு முற்றத்திலேயே மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துபவர். ஒயில் கையோடே என் கொப்பியை வாங்கினார். விமானத்தில் ஏறியதே இல்லை என்றாலும் எஞ்சின் உள்ள எதைப் பற்றியும் அவருக்கு ஒரு முடிவு இருந்தது.

"ஸ்பிட்ஃபயர் எண்டால் ஒன்பதாம் மார்க்தான். பழைய உடம்புக்குப் புது எஞ்சின் பூட்டினவங்கள். அவசரத்தில செய்த வேலை, ஆனால் என்ன வேலை!" என்றார். மோசமானது கப்பலில் இறங்குவதற்காக மாற்றிச் செய்த சீஃபயர் என்ற வகையாம். "இறங்கேக்க சக்கரக் கால் முறியும். கால் முறியிறதெல்லாம் ஒரு விமானமோ?"

மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "படம் கீற வேணுமெண்டால் பெரியப்பாட்ட புத்தகம் இருக்கு."

அப்பா எஞ்சின் கழற்றும் சாவியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

பெரியப்பா அப்பாவின் ஒரே அண்ணன். துறைமுகக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உவர்மலையில் வீடு. அண்ணனும் தம்பியும் கதைத்து ஆறு வருடமாகியிருந்தது. காரணத்தை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் சட்டதிட்டங்கள் தெரியும். கலியாண வீட்டுக்கு ஒருவர் தாலி கட்டுக்குப் போனால் மற்றவர் பின்னேரம்தான் போவார். கோயிலில் ஒருவர் தெற்கு வீதியில் நின்றால் மற்றவர் வடக்கு வீதி. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தடையில்லை. நாங்கள் போவோம், வருவோம்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு நேரே உவர்மலைக்குப் போனேன். என் கொப்பியை வாசித்த பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆர் சொன்னது ஒன்பதாம் மார்க் எண்டு?"

"அப்பா."

"கொப்பருக்குப் போய்ச் சொல்லு, பதினாலு எண்டு." அலுமாரியிலிருந்து தடித்த புத்தகத்தை இறக்கி, ஐந்து இதழ்ச் சுழலி பூட்டிய விமானத்தைக் காட்டினார். "பெரிய எஞ்சின். சுழலி மற்றப் பக்கமாச் சுத்தும். பழகாத ஆளெண்டால் ஓடுபாதையை விட்டே இழுத்துக்கொண்டு போயிடும். அதை அடக்கிறவன்தான் விமானி." பிறகு இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். மூக்குக்குக் கீழே தூசு வடிகட்டி பூட்டிய ஐந்தாம் மார்க். "மோசமானது இதுதான். தாடை வீங்கின மாதிரி. பாவம், வேகமா ஓடவே ஏலாது."

இதை நான் வீட்டில் ஒப்புவித்தேன். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மண் பறக்கிற இடத்தில வடிகட்டி இல்லாமல் எஞ்சின் எத்தினை நாளைக்கு ஓடும்? எஞ்சினைத் திறந்தே பாக்காத ஆக்களுக்கு அது விளங்காது."

இது மறுநாள் உவர்மலைக்குப் போயிற்று. அங்கிருந்து பதில் வந்தது. இப்படி இரண்டு கிழமை. என் வாழ்க்கையில் அவ்வளவு முக்கியமான ஆளாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. நான் சைக்கிளை நிறுத்த முன்னமே அப்பா, "என்னவாம்?" என்பார். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் பெரியப்பா தன் வீட்டு வாசற் படலையடியில் நிற்பார். ஒருநாள் அவர் விமானப் பேச்சுக்கு நடுவில், "கொப்பர் இப்பவும் பீடி பத்துறவரோ?" என்று கேட்டார். அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

"அதை ஏன் அவர் கேக்கிறார்?" என்றார் அப்பா. அன்றிரவு அவர் பீடி பற்றவில்லை.

எழுதி அழித்து, எழுதி அழித்து, கண்காட்சியில் வைக்கவிருந்த என் காகித மட்டை தேய்ந்துவிட்டது. கடைசியில் இரண்டு சிறந்ததும் இரண்டு மோசமானதுமாக நான்கையும் எழுதிவிட்டேன்.

கண்காட்சி அன்று நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் ஒரு சேர் குனிந்து வாசித்தார். "ரெண்டு பக்கமும் ரெண்டு எழுதியிருக்கிறீங்கள், மகள். உங்கட முடிவு என்ன?"

நான் வாயைத் திறந்தேன்.

"ஒன்பது," என்றது எனக்கு இடப்பக்கத்தில் ஒரு குரல்.

"பதினாலு," என்றது வலப்பக்கத்தில் இன்னொன்று.

மற்றவர் வந்திருப்பது இருவருக்கும் தெரியாது. சனத்துக்குள் இரண்டு தலைகள் மெல்லத் திரும்பின. பெரியப்பாதான் முதலில் சமாளித்தார். தம்பியைப் பார்க்காமல் நடுவரைப் பார்த்து, "சேர், ஒன்பது அவசரத்துக்குச் செய்தது," என்றார். அப்பாவும் நடுவரையே பார்த்தபடி, "அவசரத்துக்குச் செய்ததுதான் சேர் கடைசிவரைக்கும் நிண்டது," என்றார். கொஞ்ச நேரம் அந்த மனிசன் ஊடாகவே சண்டை நடந்தது. வடிகட்டிப் பேச்சு வந்ததும் அப்பாவால் தாங்க முடியவில்லை.

"அண்ணை, சும்மா கதைக்காதேங்கோ! அதைக் கழட்டிப்போட்டு ஓட்டியிருந்தால் எஞ்சின் ஒரு கிழமையில முடிஞ்சிருக்கும்!"

பெரியப்பா மூக்கை உறிஞ்சினார்.

"சரியடா தம்பி, வடிகட்டியை விடு. சீஃபயரை ஏன் குறை சொல்றாய்? ஆடுற கப்பலில இறங்கிறது உன்ர முற்றத்தில எஞ்சின் இறக்கிற மாதிரியோ?"

சனம் சிரித்தது. நடுவர்கள் அடுத்த மேசைக்குப் போனார்கள். துறைமுகத்துக் கலங்கரை வெளிச்சவீடு செய்து, உள்ளே பல்ப் எரியவிட்ட பையனுக்கு முதற்பரிசு. எனக்கு ஆறுதல் பரிசும் இல்லை. பெரியவர்கள் தலையிட்டுவிட்டார்களாம்.

திரும்பி வரும்போது நான் மட்டையைச் சுமந்து அழுதுகொண்டு பின்னால் நடந்தேன். அப்பா என் சைக்கிளை உருட்டினார். பெரியப்பா குடையை மடித்து, விமானமாக்கி, வழியில் கண்ட மதில்களில் எல்லாம் இறக்கிக் காட்டினார். "கால் முறிஞ்சிட்டுது!" என்று அப்பா கத்தினார். உவர்மலைக்குத் திரும்பும் சந்தி வந்தது. பெரியப்பா திரும்பவில்லை. அப்பா நினைவுபடுத்தவும் இல்லை.

அம்மா படலையில் நின்றார். நான் முன்னால் ஓடிப்போய் மட்டையை அவர் காலடியில் போட்டேன்.

"ரெண்டு பேருமாச் சேந்து என்ர பரிசைக் கெடுத்துப்போட்டினம்!"

அம்மா மட்டையைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலால் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பெரியப்பா சோறு தின்ன நிப்பாரோ?" என்று கேட்டார்.

பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி குசினிக்குள் ஓடினார். அரிசிப் பானையின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாவம் அம்மா, விமானத்தைப் பற்றியும் ஒன்றும் தெரியாது, பரிசைப் பற்றியும் ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.