கோமதியின் இசை இல்லாத முப்பது நிமிடங்கள்

காலை பதினோரு மணியானால் போதும், கறிவேப்பிலை தாளிக்கும் வாசம் மாடிக்கு ஏறி வந்துவிடும்...

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே எங்கள் எடிட்டிங் அறை. வெளிச்சத்தம் வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தோம். அப்படியும் ரயில் போனால் கேட்கும். ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்போம்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. முதல் படம், அரை மணி நேர சஸ்பென்ஸ். சுபாங் ஜெயா ஃப்ளாட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண், படிக்கட்டில் யாரோ ஏறி வரும் சத்தத்தைக் கேட்கிறாள். அவ்வளவுதான் கதை.

இசை, கோமதி. கிள்ளான் பெண். ஷா ஆலம் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு இசைக்கு வந்தவள். அந்த வருத்தத்தில் அவள் அப்பா அவளோடு சரியாகப் பேசுவதில்லை. கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலேறி வருவாள். எங்கள் படத்துக்கு ஒன்பது நாள் உழைத்தாள்.

திரையிடல் கிள்ளானில், ஒரு சின்ன மண்டபத்தில். அன்று காலை கடைசியாக ஒருமுறை படத்தை ஓட்டினேன். இசை டிராக்கைத் தெரியாமல் அணைத்து வைத்திருந்தேன் போல. படிக்கட்டில் செருப்புச் சத்தம், மின்விசிறி, அந்த ஃப்ளாட் பெண்ணின் மூச்சு... நானே எடுத்த படம், நானே பயந்துபோனேன்.

இசை வந்தால் 'இப்போது பயப்படு' என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்று தோன்றியது. மொத்தத்தையும் எடுத்துவிட்டேன்.

கோமதியைக் கூப்பிட போனை எடுத்தேன். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். உண்மையில், அவள் ஒத்துக்கொள்ள மாட்டாளோ என்ற பயம்.

மண்டபத்தில் அவள் தன் அப்பாவோடு முன்வரிசையில் இருந்தாள். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், பையில் பேனா.

"அப்பா மொத தடவயா என் மியூசிக்க கேக்க வந்திருக்காருண்ணே" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்...

திரையில் 'இசை: கோமதி' என்று வந்தது. அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு முப்பது நிமிடம், இசை என்று ஒன்றுமே இல்லை.

கூட்டம் மூச்சுவிடவில்லை. முடிந்ததும் பலமாகக் கைதட்டினார்கள். ஒருவர் என்னிடம் வந்து, மியூசிக்கே போடாத தைரியத்தைப் பாராட்டினார். அவருக்குப் பின்னால்தான் கோமதியும் அப்பாவும் நின்றிருந்தார்கள்.

"உன்னோடது எப்பம்மா வரும்?" என்று அப்பா அவளைக் கேட்டார். கேலி இல்லை. உண்மையாகவே இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிருச்சுப்பா. போலாம்."

அப்பாவைக் கூட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். அதன்பின் அந்த மாடிக்கு வரவே இல்லை.

இத்தனை வருடம் கழித்து, போன மாதம் என் பங்சார் ஆபீஸில் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் அந்த இசை கிடைத்தது. படத்தோடு சேர்த்து ஓடவிட்டேன். அது பயமுறுத்தும் இசையே இல்லை. அந்தப் பெண் எவ்வளவு காலமாகத் தனியாக இருக்கிறாள் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனது. ஏறி வருவது யார் என்பதைவிட, இவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுதான் மனம் பதறியது. இருபத்தாறு வயதில் எனக்கு அது கேட்கவில்லை.

நம்பர் தேடிப்பிடித்து அழைத்தேன். கிள்ளானில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித்தருகிறாளாம். மன்னிப்புக் கேட்டேன். இசையோடு படத்தை மறுபடி வெளியிடலாமா என்றேன்.

"வேணாம்ணே. மியூசிக் இல்லாமலே படம் நல்லாத்தான் இருந்திச்சு. எனக்கே பயமா இருந்திச்சு லா."

பிறகு அவளே சொன்னாள்.

"அன்னைக்கு ஒரு போன் பண்ணியிருந்தீங்கன்னா, அப்பாவ கூட்டிட்டு வந்திருக்க மாட்டேன்."

அவர் இறந்து ஆறு வருடமாகிறதாம். அவள் இசையைக் கேட்க அவர் வேறெங்கும் வந்ததில்லை.

அப்போது இசையை எடுக்க எனக்கு ஒரு காலைப்பொழுது ஆனது. இப்போது ஒரு தட்டுத் தட்டினால் போய்விடுகிறது. இன்றும் சில காட்சிகளில் எடுக்கத்தான் செய்கிறேன். ஆனால் இசையமைத்தவருக்கு முதலில் போன் செய்துவிடுகிறேன். சிலர் கத்துகிறார்கள், கோபித்துக்கொண்டு சில நாள் பேசாமலிருக்கிறார்கள். இருக்கட்டும்.

அந்தக் கோபத்துக்காவது அன்று கோமதிக்கு நேரம் கொடுத்திருக்கலாம்...