ஊசியக்காவின் இரட்டை வண்டி

அந்தக் குடியிருப்பில் யாரும் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் சேர்க்கும் வேலை, அதனால் ஊசியக்கா. திமிறி அழுகிற குழந்தையின் கையில்கூட முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாள்.

பழைய கார் ஒரேயடியாகப் படுத்துவிட்டபோது அடுத்து எதை வாங்குவது என்று வீட்டில் ஒரு மாதம் பேச்சு ஓடியது. அவளுக்குத் தினமும் நாற்பது கிலோமீட்டர் அலைச்சல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு எழுநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அம்மா வீட்டுக்கும் போயாக வேண்டும். யோசித்து யோசித்து ஒரு பிளக்-இன் ஹைப்ரிட்டைப் பிடித்தாள். வீட்டில் சார்ஜ் போட்டால் ஐம்பது கிலோமீட்டர் கரண்டிலேயே ஓடும். தாண்டினால் பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும்.

கொழுந்தனுக்கு ஒரே சிரிப்பு. “ஒரு வண்டிக்குள்ள ரெண்டு வண்டியா அண்ணி? ரெண்டு தலைவலின்னு சொல்லுங்க!”

“உங்கண்ணனையே இத்தனை வருஷமா சமாளிக்கிறேன். இது எம்மாத்திரம்?”

வண்டியோடு வந்த கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்தாள். அச்சகத்தில் பிழை திருத்தும் கணவரும் படித்தார். பதினோரு எழுத்துப் பிழை கண்டுபிடித்ததோடு சரி. மகள்கள் இருவரும் இன்ஜின் கிளம்பாத நாட்களைக் காலண்டரில் குறித்துவந்தார்கள். முப்பத்தோராம் நாள், பெட்ரோல் கெட்டுப்போகக் கூடாதென்று இன்ஜின் தானாகவே உறுமியதும் “போச்சும்மா!” என்று அலறினார்கள்.

அந்த வருட மழையில் ஒரு நாள் காலையில் பேய்க்காற்று அடித்தது. தெருமுனை மரம் மின்கம்பியோடு சாய்ந்து வழியையும் அடைத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டுப் பெரியவர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். அவர் மனைவி ஓய்வு பெற்ற டைப்பிஸ்ட். நுரையீரல் பழுதாகி, ஆக்ஸிஜன் மிஷினை நம்பி இருப்பவர்.

“மிஷின் நின்னுடுச்சும்மா. சிலிண்டர் ரெண்டு மணி நேரம்தான் தாங்கும். ஆம்புலன்ஸ் உள்ள வர முடியாதாம்.”

ஊசியக்காவுக்குக் கையேடு நினைவுக்கு வந்தது. காரின் டிக்கியில் வீட்டுக் கரண்ட் சாமான் சொருகும் பிளக் ஒன்று உண்டென்று அதில் படித்திருந்தாள். கீழே ஓடி மிஷினின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள்: முந்நூற்றைம்பது வாட். கார் ஆயிரத்தைந்நூறு கொடுக்கும்.

கொட்டுகிற மழையில் மூடிய ஷெட்டிலிருந்து காரை வெளியே எடுத்தாள்.

“உள்ளயே இருக்கட்டுமே!” என்றார் கணவர்.

“பேட்டரி இறங்குனா இன்ஜின் தானா ஓடுங்க. புகை உள்ள அடைஞ்சா எல்லாரும் சேந்து மயங்கி விழ வேண்டியதுதான். காத்தாட நிக்கணும்.”

ஜன்னலிலிருந்து தள்ளி, புகைக்குழாய் தெருப்பக்கம் பார்க்க நிறுத்தினாள். ஒரே நீள வயரை டிக்கியிலிருந்து ஜன்னல் வழியே உள்ளே விட்டாள். டிக்கிமேல் தார்ப்பாயைக் கட்டினார் கணவர். மிஷின் ‘ம்ம்ம்’ என்று முனகத் தொடங்கியது. டைப்பிஸ்ட் அம்மாவின் விரலில் மாட்டிய கருவியில் ஆக்ஸிஜன் அளவு எண்பத்தாறிலிருந்து மெல்ல ஏறித் தொண்ணூற்று மூன்றில் நின்றதும்தான் ஊசியக்காவுக்கு மூச்சே வந்தது.

பேட்டரி இறங்கும்போது இன்ஜின் ஓடும், நிரம்பியதும் அடங்கும். இப்படியே இருபத்தாறு மணி நேரம். கணவரும் அவளும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் கொழுந்தன் மரம் வெட்டும் ஆட்களோடு வந்தான். நனைந்து நின்ற காரைப் பார்த்தான், கால் டாங்குகூடக் காலியாகவில்லை என்று கேட்டுக்கொண்டான். “நான் வாயே திறக்கலை அண்ணி” என்று மட்டும் சொன்னான்.

கரண்ட் வந்ததும் டைப்பிஸ்ட் அம்மா ஊசியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் கையைத் திருப்பி நரம்பைப் பார்த்த ஊசியக்கா, “ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடலாம்மா, நாளைக்குக் காலையில வெறும் வயித்துல இருங்க” என்றாள்.

அடுத்த மாதக் குடியிருப்போர் கூட்டத்தில் ஊசியக்காவை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து, “கார் நிறுத்துற இடத்துல எல்லாருக்கும் ஒரு சார்ஜ் பாயின்ட் போடுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். போட்டார்கள்.