ஒன்றை அழித்து இரண்டு போட்டேன்

அக்காவின் கல்யாணப் பத்திரிகைக் கவர்களில் பேர் ஒட்டும் பொறுப்பைச் சித்தப்பா தானாகவே எடுத்துக்கொண்டார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மவுஸைத் தொடுவதையே கேவலமாக நினைப்பவர். கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் எல்லாம் நடக்கும். பன்னிரண்டு வயதில் எனக்கும் அந்தத் திரை பிடித்துப்போயிற்று.

அம்மா ஒரு வாரம் உட்கார்ந்து பட்டியல் அடித்திருந்தாள். வீட்டுக்கு ஒரு வரி: கணவன் பேர், மனைவி பேர், ஊர், நடுவில் காற்புள்ளிகள். சித்தப்பா 'கட்' என்ற கட்டளையைக் காட்டித் தந்தார். காற்புள்ளி கண்ட இடத்தில் வெட்டி, ஒன்றாவது துண்டையும் மூன்றாவது துண்டையும் மட்டும் கொடு என்றால் நொடியில் கொடுத்துவிடும். எங்கள் பக்கம் கவரில் ஆண் பேர்தான். பெண்கள் எல்லாரும் 'குடும்பத்தினர்'.

வந்து விழுந்த வரிகளில் ஒன்று மட்டும் பேரில்லாமல் வெறும் 'நெய்யூர்' என்று நின்றது. அது அம்மாவின் அக்கா, என் பெரியம்மா வீடு. பெரியப்பா துபாய்க்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டவர். அவர் பேரை அடிக்க அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"அங்க பெரியப்பா பேர அடிச்சிரு மக்கா" என்றார் சித்தப்பா.

"அவரு கல்யாணத்துக்கு வரவா போறாரு?"

"வராட்டா என்னட்டி? முறைன்னு ஒண்ணு கெடக்குல்லா."

சொல்லிவிட்டுக் கடைக்குச் சாயா குடிக்கப் போனார்; போனால் திரும்ப இரண்டு மணி நேரமாகும். அன்று எனக்கு வந்த கோபத்தை இன்றும் தப்பென்று சொல்லமாட்டேன். லீவுக்குப் போனால் மூன்று வேளையும் எனக்குப் பிடித்ததையே பொங்கிப் போடுகிற மனுஷிக்கு, விட்டுவிட்டுப் போனவர் பேரிலா கவர்? கட்டளையில் ஒன்றை அழித்து இரண்டு போட்டேன். பெண்கள் பேராக வரிசையாக வந்தது. அச்செடுத்து, ஒரு கவர் விடாமல் ஒட்டியும் முடித்தேன்.

திரும்பி வந்த சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா கத்தினார்: "ஏட்டி, பொம்பள பேருல கவர் குடுத்தா எவன் வருவான்?"

"வாறவங்க வரட்டும்" என்றேன். அடி நிச்சயம் என்று தெரியும். நகரவில்லை.

அடுக்களையிலிருந்து அம்மா வந்தாள். கவர்களைப் புரட்டி, பெரியம்மா பேர் போட்டதை எடுத்துக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"ஒட்டினது ஒட்டினதாவே இருக்கட்டும்" என்றாள். அப்பா கவர்களை வாரிப் பைக்குள் போட்டார்.

அம்மாவின் மறதியைச் சரிக்கட்டியவள் நான்தான் என்று பல வருஷம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அவளும் சிரித்துக்கொண்டு கேட்பாள். போன வருஷம்தான் சித்தப்பா சொன்னார். பட்டியல் அடித்த வாரத்தில், அந்த இடத்தை நிரப்பச் சொல்லி அப்பா மூன்று தடவை சண்டை போட்டாராம். மூன்று தடவையும் அம்மா ஒரே பதில்தான் சொன்னாளாம்: "அந்த ஆளு பேர அடிக்க எனக்கு வெரலு இல்ல."