இரண்டு காலண்டருக்கு நடுவே ஒரு குளம்

என் தங்கை யசோதாவைப் பெண் பார்க்க வந்த அன்றே ஆதிநாராயணன்மேல் நாற்றம் அடித்தது. கடலைப் புண்ணாக்கு நாற்றம். அவன் வீட்டார் எல்லாரும் புதுத்துணியில் மணக்க மணக்க உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை மட்டும் கடைசியாக வந்து சேர்ந்தான். வழியில் ஏரியைப் பார்த்தானாம். தண்ணீரில் குமிழி வந்ததாம். ஒரே ஒரு தடவை தூண்டில் போட்டுப் பார்க்கலாம் என்று இறங்கிவிட்டானாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். காபி கொடுக்க வந்த யசோதா அவன் கையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் கல்யாணம் முடிவாகிவிட்டது. அப்புறம் அண்ணன்காரன் பேச்சு யார் காதில் விழும்?

நான் தமிழ்வேந்தன். ஆந்திரா பக்கத்துப் புத்தூரில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். பெயர்தான் அப்படி, பேரம், சண்டை, சமாதானம் எல்லாம் நாள் முழுக்கத் தெலுங்கில்தான். கோபக்காரன் என்று ஊரில் சொல்வார்கள். கோபப்படும்படி நடந்துகொள்கிறார்கள், கோபப்படுகிறேன். இதில் என் தப்பு என்ன இருக்கிறது?

ஆதி நகரிக்காரன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு குட்டை இருந்தது. அதுதான் அவன் படிப்புக்குப் பிடித்த சனி. பத்தாவதோடு நின்றுவிட்டுப் பவர்லூமில் சேர்ந்தான். மற்றவர்கள் சேலை நெய்தார்கள், இவன் கழிவு நூலை முறுக்கித் தூண்டிலுக்குக் கயிறு திரித்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஸ்ரீசிட்டி பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. வேலை எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில்தான். பிச்சாட்டூர் வட்டாரத்தில் அவன் உட்காராத கரை கிடையாது. மாம்பழக் கூழை வெயிலில் காயவைத்துத் தாண்ட்ரா செய்வோமே, அதைப் பொடிப்பொடியாக நறுக்கிப் புண்ணாக்கோடு பிசைந்து இரை உருட்டுவான். கட்லா மீன் அதற்குச் சொக்கிப்போகும் என்பான். மனிதன் தின்ன வேண்டிய தாண்ட்ரா மீன் வாய்க்குப் போகிறதே என்று எனக்கு வயிறு எரியும்.

இதில் பெரிய வேடிக்கை, அவன் மீன் தின்ன மாட்டான். குழம்பு மட்டும் ஊற்றிக்கொள்வான். பிறகு எதற்கடா இந்தக் கூத்து என்று ஒருநாள் கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

"தக்கை உள்ள போவுது பாரு மச்சான், அப்ப நெஞ்சுல ஒண்ணு ஆவும். அதுக்குத்தான்."

பைத்தியத்துக்கு வைத்தியம் இல்லை என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பைத்தியம் என் தங்கையின் நிலத்தில் கை வைத்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அது எங்கள் நைனா யசோதாவுக்கு மஞ்சக்காணியாகக் கொடுத்தது. ஒரு பெண் தன் பேருக்கென்று பிறந்த வீட்டிலிருந்து கொண்டுபோகிற நிலம் அது ஒன்றுதான். அதில் இருந்த கிழட்டு மாமரங்கள் பட்டுப்போய் வெட்டியாகிவிட்டது. புதுச்செடி வைப்பார்கள் என்று பார்த்தால், ஆதி கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து பாதி நிலத்தில் குளம் தோண்டி மீன்குஞ்சு விட்டான். இனிமேல் மீன்தான் பிழைப்பாம். தோண்டிய மண் மீதிப் பாதியில் மலையாகக் குவிந்து கிடந்தது.

நான் போய்க் கத்தினேன். நைனா இல்லாத வீட்டில் நான்தானே கேட்க வேண்டும்? நாளைக்கு இவர்கள் சோற்றுக்கு நிற்கும்போது விற்பதற்குக்கூட அந்த நிலம் குழியாகத்தான் இருக்கும். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது; பயம் வந்தால் எனக்குக் கத்தத்தான் தெரியும். கடைசியில் ஒரு கெடு வைத்தேன். தை பிறப்பதற்குள் இந்தக் குளம் வீட்டுக்குச் சோறு போட வேண்டும். இல்லையென்றால் ஜேசிபியைக் கொண்டுவந்து அந்த மண்ணையே தள்ளி மூடிவிட்டு மாஞ்செடி வைப்பேன், ஆதி மறுபடி ஷிஃப்டுக்குப் போக வேண்டும். ஆதி சரி என்றான். யசோதா ஒன்றும் சொல்லவில்லை. அவள் சும்மா இருந்தால் சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன்.

மீன் வளர்ந்தது. வலை போட்டு விற்க நாள் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் புரட்டாசி பிறந்தால் பெருமாளுக்காக மீன், கறி எதையும் தொட மாட்டோம். அதனால் புரட்டாசி கழியட்டும் என்றார்கள். தீபாவளிக்குப் பின்னால் கந்த சஷ்டி, திருத்தணிக்கு விரதம் இருக்கிற வீடுகள் நிறைய, அதுவும் கழியட்டும். சஷ்டி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள். அத்தனை கவனம். எல்லைப்புற வீடு என்பதால் யசோதா வீட்டில் தமிழ்க் காலண்டர் ஒரு ஆணியிலும் தெலுங்குக் காலண்டர் அடுத்த ஆணியிலும் தொங்கும். எங்களில் ஒருத்தருக்கும் அடுத்த ஆணிப் பக்கம் பார்வை போகவில்லை.

குறித்த நாளில் காலையிலேயே போனேன். பந்தல், மாவிலைத் தோரணம், தராசு எல்லாம் தயார். ஈ காக்கை இல்லை. வலை போடுகிற அன்று கூப்பிட்டால் திருப்பதியிலிருந்து வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்த வியாபாரிக்கு ஆதி போன் போட்டான். அந்த ஆள் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே எனக்குக் கேட்டது.

"கார்த்தீக மாசம் அண்ணா. இப்புடு சேப்பலு எவரு தின்டாரு?"

இப்போது மீன் எவன் தின்பான் என்று கேட்கிறான். நமக்குப் புரட்டாசி என்றால் தெலுங்குக்காரர்களுக்குக் கார்த்திகம். தீபாவளிக்கு மறுநாள் பிறந்து அடுத்த அமாவாசை வரை மீனை அவர்கள் கண்ணாலும் பார்க்க மாட்டார்கள். அது முடிவதற்குள் நம் கார்த்திகை பிறந்துவிடும், ஊரில் பாதிப் பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவார்கள். ஏழுமலையான் காலடியில் மீன் விற்க வந்தவனை என்ன சொல்ல? என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தராசை எட்டி உதைத்துவிட்டு, தை பிறக்கட்டும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். அன்றிலிருந்து நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

நான் போன பிறகு நடந்ததை யசோதா பிற்பாடு சொன்னாள். இடிந்துபோய்க் கரையில் உட்கார்ந்திருந்த ஆதி வழக்கம்போலத் தூண்டிலைத் தண்ணீரில் போட்டிருக்கிறான். சத்தியவேட்டுக்கு பைக்கில் போய்க்கொண்டிருந்த ஒருத்தர் அதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். ராம்ப்ரசாத் என்று பேர், திருப்பதியில் செல்போன் டவர் வேலை. இறங்கி வந்து ஏக்கமாகத் தக்கையையே பார்த்துக்கொண்டு நின்றாராம். ஆதி கழியை நீட்டியிருக்கிறான். ஐயோ, எங்கள் வீட்டில் கார்த்திக விரதம் என்று அவர் பின்வாங்கினார்.

"துன்னாதானே சார் விரதம் போவும்? புடிச்சிட்டு விட்டுடுங்க. மீனு எங்க போவப்போவுது, கொளத்துலதான கீது."

அன்று சாயங்காலம் வரைக்கும் ராம்ப்ரசாத் எழுந்திருக்கவில்லை. சத்தியவேட்டு வேலை என்ன ஆயிற்றோ, சாமிக்குத்தான் வெளிச்சம். பெரிய கட்லா ஒன்றைக் கரைக்கு இழுத்து, குழந்தையைப் போலக் கையில் ஏந்தி, போட்டோ எடுத்துக்கொண்டு, மெதுவாகத் தண்ணீரில் விட்டாராம். போகும்போது எவ்வளவு தரட்டும் என்று கேட்டிருக்கிறார். ஆதி பேந்தப் பேந்த விழித்தான். இதற்கெல்லாம் யாராவது காசு கேட்பார்களா என்ன? யசோதாதான் முன்னால் வந்து ஒரு தொகை சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஆபீஸ் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் வேறு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். காளஹஸ்தி, ஏர்பேடு, மெட்ராஸிலிருந்துகூட. கழியும் இரையும் ஆதி கொடுப்பான். பிடித்த மீனைத் திரும்ப விட வேண்டும். கொக்கியைக் காயம் படாமல் எடுக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துத் தருவான். பந்தலில் யசோதா ராகிக் களியும் வேர்க்கடலைச் சட்னியும் தக்காளி போட்டுக் கடைந்த பருப்பான பப்பும் போட்டாள். மீன் குளத்தில் சுத்த சைவச் சாப்பாடு. மாலை போட்ட சாமி ஒருத்தர்கூட கறுப்பு வேட்டியோடு வந்து உட்கார்ந்து, சாமியே சரணம் என்று மீனைத் தண்ணீருக்குள் அனுப்பிவிட்டுப் போனாராம்.

எனக்கு மண்டியில் வந்து விழுந்த செய்தியோ வேறு. உன் மச்சான் மீனைப் பிடித்துப் பிடித்துத் திரும்பக் குளத்திலேயே போடுகிறானாம், ஒரு மீன்கூடச் சந்தைக்கு வரவில்லையாம் என்று ஆளாளுக்குச் சிரித்தார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். முற்றிவிட்டது என்று முடிவு செய்தேன். பொங்கல் முடிந்ததும் வரும்படி ஜேசிபிக்குச் சொல்லிவைத்தேன்.

காணும் பொங்கல் அன்று வண்டியை முன்னால் விட்டுக்கொண்டு போனேன். தெலுங்குக்காரர்களுக்கு முக்கனுமா, நமக்குக் காணும் பொங்கல். இரண்டு காலண்டரும் கறிக்குச் சம்மதம் சொல்கிற நாள். குளக்கரையில் திருவிழா மாதிரிக் கூட்டம். ஒரு பக்கம் வலையில் வந்த மீனைத் தராசில் போட்டு யசோதா விற்றுக்கொண்டிருந்தாள். நான் உதைத்த அதே தராசு. அத்தனை மாதம் சாப்பிட்டு மீன் ஒவ்வொன்றும் கொழுத்துக் கிடந்தது. மறுபக்கம் வரிசையாகத் தூண்டிலோடு ஆட்கள். இதெல்லாம் கண்ணில் படத்தான் செய்தது. ஆனால் கத்த வேண்டும் என்று வீட்டிலிருந்தே தயார் பண்ணிக்கொண்டு வந்தவன் எப்படிச் சும்மா இருப்பது? ஆரம்பித்துவிட்டேன்.

ஆதி தன் கையிலிருந்த கழியை என் கையில் திணித்தான்.

"இத செத்த புடி மச்சான். சாருக்குக் கொக்கி மாட்டிக்கிச்சி, எடுத்துட்டு வந்துடறேன்."

கழியைப் பிடித்துக்கொண்டே கத்தினேன். சோறு போடுகிறதா என்றேன், நைனா கொடுத்த நிலம் என்றேன். அப்போது தக்கை ஒரு துள்ளு துள்ளி, சட்டென்று உள்ளே போனது.

நெஞ்சில் ஒன்று ஆகும் என்று சொன்னானே, அது ஆயிற்று. என் வாய் தானாக மூடிக்கொண்டது. கழி வளைந்தது, கயிறு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது, செருப்பு எங்கே கழன்றதென்று தெரியாமல் நானும் கூடவே ஓடினேன். விடாதே அண்ணா, விட்டுப் பிடி அண்ணா என்று யார் யாரோ தமிழிலும் தெலுங்கிலும் கத்தினார்கள். ஒருவழியாக அது கரைக்கு வந்தது. பெரிய கட்லா, வாயைத் திறந்து திறந்து மூடியது. கையில் ஏந்திப் பார்த்தேன். யாரும் சொல்லாமலே குனிந்து தண்ணீரில் விட்டேன்.

நிமிர்ந்தால் ஜேசிபி ஓடுகிற சத்தம். ஐயோ, குளத்தை மூடிவிடப் போகிறான் என்று மண்மேட்டுப் பக்கம் பாய்ந்தேன். மண்மேட்டுக்கு அப்பால் காலி நிலத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டுக்குள் வண்டி தோண்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு யசோதா.

"நீ மூடுன்ன, அவரு மீனுன்னாரு. நெலம் என்னுதுண்ணா. ரெண்டாவது கொளம் எடுக்கலாம்னு நான்தான் கோடு போட்டேன். நீயே மிஷினோட வந்துட்ட, அத சும்மா அனுப்புவானேன்?"

அவள் முகத்தில் பெண் பார்த்த அன்று சிரித்த அதே சிரிப்பு.  வந்த கோபத்தை எங்கேயாவது கொட்டியாக வேண்டுமே. ஜேசிபி டிரைவரிடம் போனேன். கட்லா விடப்போகிற குளம், இந்த ஆழம் எந்த மூலைக்கு, இன்னும் தோண்டு என்று சத்தம் போட்டேன்.